வெப் டிசைன் வேலையும் நெசவாளர் பிள்ளைகளும்

ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவு ஊர்களில் ஒன்றாகிய கண்ணமங்கலத்திற்கு நாம் சமீபத்தில் போயிருந்த சமயம், தறியில் உட்கார்ந்திருந்த ஒரு நெசவாளத் தோழர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு நம்மை ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் பட்டப் படிப்பை முடித்துவிட்டு ஒரு வருஷமாய் வீட்டில் இருக்கின்றான். வெப் டிசைனர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்கின்றான். அதற்கு ஒரு பயிற்சிக் கூடத்தார் பெருந்தொகை கேட்கின்றார்கள். அத்தொகைக்காகத் தகப்பனார் தமக்குப் பாவு கொடுக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்கப் போகின்றார். வாங்கிவிட்டால் அது தீரும் வரையில் கூலியைப் பற்றி வாய் திறக்க முடியாது என்பதும் அவருக்கே தெரியும். உறவினர் ஒருவர், "அந்த வேலையில் சம்பளம் கொட்டுகின்றது" என்கின்றாராம். மற்றொருவர், "அதையெல்லாம் இப்போது யந்திரமே செய்துவிடுகின்றது, இனி அந்த வேலையே கிடையாது" என்கின்றாராம். இவ்விருவருக்கும் மேலாகச் சோசியர் ஒருவர், சனி விலகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிக் காசும் வாங்கிக்கொண்டு போயிருக்கின்றார். "நீங்கள் என்ன சொல்லுகின்றீர்கள்?" என்பதுதான் நம்மை நோக்கிக் கேட்ட கேள்வி.

இது ஒரு வீட்டுக் கேள்வியல்ல. தறி இருக்கும் ஊர்களிலெல்லாம், ஏர் இருக்கும் ஊர்களிலெல்லாம் இன்று கேட்கப்படுகின்ற கேள்வி. ஆதலால் நமது அபிப்பிராயத்தை எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகின்றோம்.

முதலாவது, அந்த வேலை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரயிலுக்குச் சீட்டு வாங்கவும், மின்சாரக் கட்டணம் கட்டவும், பிள்ளையின் பரீட்சை முடிவைப் பார்க்கவும் நாம் கைபேசியைத் திறக்கின்றோமல்லவா? அப்போது கண்முன் வருகின்ற பக்கத்தில் எழுத்து எவ்வளவு பெரிதாய் இருக்க வேண்டும், எது முதலில் வர வேண்டும், எதை அழுத்தினால் பணம் போக வேண்டும், தவறி அழுத்திவிட்டால் எப்படித் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் யாரோ ஒரு மனிதன் யோசித்து அமைக்கின்றான். அந்த மனிதனே வெப் டிசைனர். அவன் யோசித்து அமைத்தால் படிக்காத கிழவியும் காரியத்தை முடித்துக்கொண்டு போகின்றாள். யோசிக்காமல் அமைத்தால் படித்தவனும் கடைக்காரனிடம் காசு கொடுத்து முடித்துக்கொள்ள வேண்டியதாகின்றது.

இந்த வேலை நெசவாளனுக்கு அந்நியமானது என்று நினைப்பது தப்பு. ஆங்கிலத்தில் 'வெப்' என்ற சொல்லுக்கு நெய்த துணி என்பதும் ஒரு பொருள். அது மாத்திரமல்ல. நமது தறியின் மேலே இருக்கின்ற ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். அதில் சுற்றுகின்ற அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே எழுகின்றது. ஓட்டை இல்லாத இடத்தில் கீழே கிடக்கின்றது. "உண்டு, இல்லை" என்கிற இந்த இரண்டே சொல்லைக்கொண்டு மயிலும் மாங்காயும் முந்தியில் வந்துவிடுகின்றன. பிரெஞ்சு தேசத்து லியோன் நகரத்தில் 1804-ல் ஜக்கார்டு என்பவர் செய்து காட்டிய இந்த அட்டையைப் பார்த்துத்தான், 1830-களில் இங்கிலாந்தில் பாபேஜ் என்பவர் கணக்குப் போடும் யந்திரம் ஒன்றுக்குத் திட்டம் போட்டார். அந்த யந்திரத்தைப் பற்றி 1843-ல் ஏடா லவ்லேஸ் என்ற அம்மையார் எழுதிய குறிப்புகளில், தறி பூவும் இலையும் நெய்வதோடு அதை ஒப்பிட்டு விளக்கினார். 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கை எண்ணியதும் ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டுதான். ஆகவே கம்ப்யூட்டர் என்பது எங்கிருந்தோ குதித்துவிட்ட மாயமல்ல. அதன் முன்னோர்களில் நமது தறிமேல் தொங்குகின்ற அட்டையும் ஒன்று. கட்டம் போட்ட தாளில் கரையையும் புட்டாவையும் எண்ணி எண்ணிக் குறிக்கின்ற தகப்பனுடைய மகனுக்கு, திரையில் கட்டம் பிரித்துப் பக்கம் அமைக்கின்ற வேலை புத்திக்கு எட்டாது என்று சொல்லுகின்றவர்கள், தறியையும் அறியார், கம்ப்யூட்டரையும் அறியார் என்றே சொல்லுவோம்.

நிற்க, இத்தொழிலில் உள்ள உண்மையான கஷ்டம் வேறு. அது ஓயாமல் மாறுகின்ற தொழில். உலகத்தின் முதல் இணையப் பக்கம் 1991-ல் வெளிவந்தது. நமது நாட்டில் பொது ஜனங்களுக்கு இணையம் கொடுக்கப்பட்டது 1995 ஆகஸ்டு 15-ல். பக்கத்தின் எலும்பாகிய எச்.டி.எம்.எல். ஒரு புறம் இருக்க, அதற்கு உடையும் நிறமும் கொடுக்கின்ற சி.எஸ்.எஸ். என்ற முறை 1996-ல் ஏற்பட்டது. பிறகு பிளாஷ் என்ற ஒன்று வந்தது. அதில் படங்கள் ஓடும், ஆடும்; அதைக் கற்றவனுக்குத் தனி மதிப்பு. 2007-ல் ஐபோன் வந்தது. அதில் பிளாஷ் ஓடவில்லை. சிறிய திரைக்கும் பெரிய திரைக்கும் ஒரே பக்கம் தானே வளைந்துகொடுக்கும்படி செய்கின்ற முறையை 2010-ல் ஈத்தன் மார்க்காட் என்பவர் எழுதி வெளியிட்டார். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பிளாஷுக்கு அதை நடத்திவந்த கம்பெனியாரே முடிவு கட்டிவிட்டார்கள். 2003-ல் தொடங்கிய வேர்ட்பிரஸ், எழுதத் தெரிந்தவன் எவனும் தன் பக்கத்தைத் தானே போட்டுக்கொள்ளும்படி செய்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இன்று, "எனக்கு ஒரு புடவைக் கடைப் பக்கம் வேண்டும்" என்று சொன்னால் சில நிமிஷத்தில் யந்திரம் ஒன்றை எழுதிக் கொடுக்கின்றது.

இத்தனை மாறுதலிலும் பிழைத்தவன் யார்? விழுந்தவன் யார்? பிளாஷ் என்கிற கருவியை மாத்திரம் கற்று, இதுவே சாசுவதம் என்று இருந்தவன் விழுந்தான். பார்க்கின்ற மனிதனுக்கு எது விளங்கும், எது விளங்காது, ஏன் விளங்காது என்கிற காரணத்தைக் கற்றவன், கருவி மாறியவுடன் புதுக் கருவியை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தான். அச்சாபீசில் ஈய எழுத்துக் கோத்தவர்களின் கதையும் இதுவே. கம்ப்யூட்டர் அச்சுக் கோப்பு வந்தபோது பலர் பிழைப்பிழந்தனர். எழுத்தின் அழகும் வரியின் இடைவெளியும் அறிந்து, புதியதையும் கற்றுக்கொண்டவர்கள் திரையின் முன் உட்கார்ந்தார்கள். ஆகவே, கருவியைக் கற்பது கூலிக்கு. காரணத்தைக் கற்பது ஆயுளுக்கு என்பது நமது முடிவு.

அப்படியானால் யந்திரம் வேலையைப் பிடுங்கிவிடாதா என்றால், பிடுங்காது என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ஒரே மாதிரிப் பக்கத்தைப் பேர் மாற்றிப் போட்டுக் கொடுத்துக் கொஞ்சம் காசு வாங்குகின்ற வேலை, யந்திரத்துக்கு எளிதான வேலை. புதிதாய் நுழைகின்ற வாலிபனுக்கு முதற்படியாய் இருந்ததும் அதுதான். ஆதலால் நுழைகின்ற வாசல் முன்னைவிடக் குறுகிற்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் யந்திரம் எழுதிக் கொடுத்ததில் எது சரி, எது தப்பு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கண்ணமங்கலத்துக் கிழவியின் விரலுக்கு அந்தப் பொத்தான் எட்டுமா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். பணம் தவறிப்போனால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக ஆவதற்குத்தான் இனிப் படிக்க வேண்டும்.

எதைப் படிப்பது? எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் அடியிலிருந்து தன் கையால் எழுதிப் பழக வேண்டும். யந்திரம் எழுதுவதைப் படித்துப் பிழை பிடிக்க முடியாதவன் யந்திரத்துக்கு எஜமானனாக முடியாது.

இரண்டாவது, தமிழை அமைக்கத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் சில எழுத்தில் முடிகின்ற சொல்லுக்குத் தமிழில் அதைவிட அதிக இடம் வேண்டியிருக்கலாம். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழைத் திணித்தால், வார்த்தை பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். மேலும் கீழும் கொம்பும் சுழியும் இடிபடும். முன்னெல்லாம் பத்திரிகைக்கு ஒரு எழுத்துருவாக இருந்து, அந்த எழுத்துரு இல்லாதவனுக்குப் பக்கம் முழுதும் கிறுக்கலாய்த் தெரிந்தது. யூனிகோடு பரவிய பிறகே அத்தொல்லை ஓய்ந்தது. தமிழ் எழுத்தின் வடிவத்தையே 1978-ல் சர்க்கார் உத்தரவு போட்டுச் சீர்திருத்திக் கொண்டோம். எழுத்து மனிதனுக்காகவே ஒழிய, மனிதன் எழுத்துக்காக அல்ல. அதைத் திரையிலும் செய்து காட்ட நம் பிள்ளைகளைவிடத் தகுந்தவர் யார்?

மூன்றாவது, கண் தெரியாதவரும் கை நடுங்குகின்றவரும் பயன்படுத்தும்படி பக்கத்தை அமைக்கத் தெரிய வேண்டும். இதற்கு உலகப் பொது விதிகள் 1999 முதலே இருக்கின்றன. பாங்கியில் ஆளை அடையாளம் காண, திரையைப் பார்த்துக் கண்ணிமைக்கும்படி கேட்டால், பார்வையற்றவரும் அமிலவீச்சில் கண் இழந்தவரும் என்ன செய்வார்கள்? இவ்வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30-ல் சுப்ரீம் கோர்ட்டார், இப்படிப்பட்ட வசதிகளை எட்டுவதும் மனிதனுடைய உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தார்கள். ஒருவனை வாசலுக்கு வெளியே நிறுத்துவது கோவிலில் நடந்தாலும் அநீதிதான், கைபேசித் திரையில் நடந்தாலும் அநீதிதான். அந்த வாசலைத் திறந்து வைக்கத் தெரிந்தவனுக்கு வேலையும் உண்டு, மரியாதையும் உண்டு.

நான்காவது, தறி அறிவை விட்டுவிடக் கூடாது. தறியும் தெரிந்து, பக்கம் அமைக்கவும் தெரிந்த ஒருவன், கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வித்தியாசம் என்ன, கோர்வைக்கு எத்தனை கை வேலை, 2004-ல் ஏற்பட்ட பட்டு முத்திரையும் 2006-ல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையும் எதற்கு என்று வாங்குகின்றவனுக்கு விளங்கவைக்கலாம். பக்கம் போட்டவுடன் பணம் கொட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் நெய்தவனுக்கும் உடுத்துகின்றவளுக்கும் நடுவில் எத்தனை கை என்பதாவது வெளிச்சத்துக்கு வரும்.

இவைகளைக் கற்க முன்பணம் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்கின்றோம். வேண்டிய பாடங்களும் விளக்கங்களும் இணையத்திலேயே இலவசமாய்க் கிடக்கின்றன. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தைப் பற்றியும் விசாரித்துப் பார்க்கலாம். பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பது கஷ்டந்தான். ஆனால் தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலத்தைத் தொழிலோடு சேர்த்தே கற்றுவிடலாம். "வேலை நிச்சயம்" என்று பலகை போட்டவரிடம், நிச்சயம் என்றால் அதை எழுத்தில் கொடுத்து, வேலை கிடைத்த பிறகு பணம் வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்று கேளுங்கள். அந்தப் பதிலே போதும். இத்தொழிலில் சர்ட்டிபிகேட்டைவிட, "நீ செய்த பக்கம் எங்கே?" என்பதே பெரிய கேள்வி.

நம்மவர்கள் செய்கின்ற மற்றொரு காரியத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஆயுத பூசையன்று தறிக்கு வைக்கின்ற சந்தனத்தையும் குங்குமத்தையும் கம்ப்யூட்டருக்கும் வைக்கின்றார்கள். வைத்துவிட்டு அன்றைக்கு முழுவதும் அதைத் தொடுவதில்லை. கருவியைக் கும்பிடுகின்றவன் அதை மாற்றத் துணிவானா? குறை கண்டுபிடிப்பானா? கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வேண்டாம். தினம் இரண்டு மணி நேரம் உழைப்புத்தான் வேண்டும். சோசியருக்கும் பரிகாரத்துக்கும் கொடுக்கின்ற பணத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு பழைய கம்ப்யூட்டராவது வாங்கலாம். வாங்கினால் அதைப் பையனுக்கு மாத்திரம் பூட்டி வைக்காமல், வீட்டில் நூல் சுற்றுகின்ற பெண்ணுக்கும் கொடுங்கள். நாம் மேலே சொன்ன ஏடா அம்மையாரை, பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று அடுப்படியில் நிறுத்தியிருந்தால் நஷ்டம் யாருக்கு? இத்தொழிலில் பக்கம் பேசுமே ஒழிய ஜாதி பேச வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் படிப்பும் கம்ப்யூட்டரும் சிலர் வீட்டில் மாத்திரம் இருந்தால், பழைய ஜாதியே புதுப் பேரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகையால் ஒவ்வொரு ஊர் நூலகத்திலும் நாலு கம்ப்யூட்டர் கேட்பது, கோவிலுக்குக் கும்பாபிஷேகம் கேட்பதைவிட அவசரமான காரியம் என்பது நமது அபிப்பிராயம்.

கண்ணமங்கலத்துத் தோழருக்கு நாம் சொன்ன பதில் இதுதான். முன்பணம் வாங்காதீர்கள். பையனுக்கு மூன்று மாதம் தவணை கொடுங்கள். அவன் காசு செலவில்லாமல் கற்று, உங்கள் தறியைப் பற்றியே ஒரு பக்கம் செய்யட்டும். அதை அவனுடைய பாட்டி கையில் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கைபேசியில் இருக்கின்ற டாக்பேக் என்னும் உரக்கப் படிக்கும் வசதியைக் கொண்டு தானே அதை நடத்திப் பார்க்கட்டும். எங்கே தடுக்கின்றதோ அங்கே திருத்தட்டும். திருத்தத் திருத்த அவனுக்கு ஆசை வளர்ந்தால் இது அவன் தொழில். சலிப்பு வளர்ந்தால் வேறு தொழில் பார்ப்பதில் வெட்கமில்லை. இரண்டிலும் உங்கள் தறி முதலாளியிடம் அடகு போகாது.

அவர் சற்று யோசித்துவிட்டு, "சோசியர் சனி விலகட்டும் என்றாரே?" என்றார். சனி விலகுகின்ற வரையில் பையன் சும்மா இருந்தால், பிறகு விலக வேண்டியது அவனுடைய சோம்பலாக இருக்கும் என்றோம். பையன் சிரித்தான். தகப்பனார் சிரிக்கவில்லை, நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்றைக்கே ஆரம்பிக்கின்றாயா?" என்று மகனைக் கேட்டார்.

வாலிபர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்பிவிட வேண்டாம். மூன்று மாதம் செய்து பார்த்து, பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.