70% அடைப்பு என்றால் உடனே ஸ்டென்ட்டா? கணினிக்குள் துடிக்கும் இதயம் போடும் கணக்கு!

நாற்பதைத் தாண்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு லேசாக இறுக்குகிறது. கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது. மனைவி வற்புறுத்தியதால் பரிசோதனைக்குப் போகிறார். 'இதய ரத்தக்குழாயில் 70 சதவிகித அடைப்பு' என்று ரிப்போர்ட் வருகிறது. அந்த ஒரு எண்ணில் வீடே ஆடிப்போகிறது. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கொரு டாக்டர் பெயர் வந்து விழுகிறது. இன்ஷூரன்ஸ் லிமிட் எவ்வளவு என்று தம்பி தேடுகிறார். 'நாளைக்கே ஸ்டென்ட் வெச்சுடலாம்' என்று மாமா முடிவே எடுத்துவிடுகிறார்.

இந்தக் களேபரத்தில் ஒரு கேள்வியை யாருமே கேட்பதில்லை. குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. சரி, அதனால் இதயத் தசைக்கு நிஜமாகவே ரத்தம் குறைகிறதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட இப்போது கணினி மாதிரிகள் உதவுகின்றன. அவற்றை நம்பலாமா? நம்பலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு.

அடைப்பு வேறு, ஓட்டம் வேறு

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, தனக்கு வரும் ரத்தத்திலிருந்து 70 சதவிகிதத்துக்கும் மேல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் ஓடும்போதோ, படி ஏறும்போதோ கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால், ஏறக்குறைய ஒரே வழிதான்: ரத்த ஓட்டம் அதிகரிக்க வேண்டும்.

பெரிய குழாயில் அடைப்பு இருந்தாலும், அதற்குக் கீழே இருக்கும் நுண்குழாய்கள் விரிந்து ஓரளவு சமாளித்துவிடும். எவ்வளவு சமாளிக்கும் என்பது அடைப்பின் நீளம், அது இருக்கும் இடம், அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசையின் அளவு என்று பல விஷயங்களைப் பொறுத்தது. ஒரே ஒரு சதவிகித எண்ணில் இவை அத்தனையும் அடங்காது.

இதை நேரடியாக அளக்க ஒரு முறை உண்டு. குழாய்க்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அடைப்புக்கு அப்பால் இருக்கும் அழுத்தம் முன்னால் இருப்பதில் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். இதன் பெயர் எஃப்.எஃப்.ஆர். 0.80க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்டென்ட் அவசியமில்லை.

2009-ல் வெளியான 'ஃபேம்' ஆய்வு 1,005 நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. கண்ணால் படம் பார்த்து ஸ்டென்ட் வைத்த குழுவில், ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை என ஏதோ ஒன்றைச் சந்தித்தவர்கள் 18.3 சதவிகிதம். அளந்து பார்த்து வைத்த குழுவில் 13.2 சதவிகிதம். அதே ஆய்வின் தொடர்ச்சியில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. 50 முதல் 70 சதவிகிதம் வரையிலான அடைப்புகளில் சுமார் 35 சதவிகிதம் மட்டுமே ரத்த ஓட்டத்தை நிஜமாகப் பாதித்தன. 71 முதல் 90 சதவிகிதம் வரையிலானவற்றிலும்கூட ஐந்தில் ஒன்று பாதிக்கவில்லை!

கம்பி இல்லாமல் அளக்க முடியுமா?

இங்கேதான் கணினி உள்ளே வருகிறது. சி.டி. ஸ்கேன் படங்களிலிருந்து அந்த நோயாளியின் ரத்தக்குழாய்களை முப்பரிமாணத்தில் கட்டுகிறார்கள். அதற்குள் ரத்தம் எப்படி ஓடும் என்பதைத் திரவ இயக்கவியல் சமன்பாடுகள் கணக்கிடுகின்றன. விமானத்தின் இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படிப் போகும் என்று கணக்கிடுவதும் இதே குடும்பத்துச் சமன்பாடுகள்தான். கடைசியில் குழாயின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எஃப்.எஃப்.ஆர். எண் கிடைக்கும். கம்பி நுழைக்க வேண்டாம், கூடுதல் ஸ்கேனும் வேண்டாம்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃப்ளோ நிறுவனம் உருவாக்கிய இந்த முறைக்கு, அந்நாட்டு எஃப்.டி.ஏ. 2014-ல் அனுமதி கொடுத்தது. 2017-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் பரிந்துரைத்தது.

இதெல்லாம் ஏ.ஐ. அலையில் திடீரென்று முளைத்த விஷயமும் இல்லை. 1960-லேயே லண்டனில் டெனிஸ் நோபிள் என்ற இளம் ஆய்வாளர், ஒரு இதய செல்லின் மின்துடிப்பைச் சமன்பாடுகளாக எழுதி, அன்றைய மெர்குரி கணினியில் ஓட்டிக் காட்டினார். கணினிக்குள் துடித்த முதல் இதய செல் அதுதான்.

உயிருள்ள மனிதரிடம் செய்ய முடியாத சோதனை

ரத்தம் குறைந்தால் இதய செல்லுக்குள் என்ன ஆகும்? முதலில் எரிபொருளான ஏ.டி.பி. குறைகிறது. அதனால் சில பொட்டாசியம் வாயில்கள் திறந்துகொள்கின்றன. செல்லுக்கு வெளியே பொட்டாசியம் சேர்கிறது, அமிலத்தன்மை கூடுகிறது. மின்துடிப்பின் நேரம் சுருங்கி, அது பரவும் வேகமும் குறைகிறது. பக்கத்திலேயே நல்ல தசை வழக்கமான வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிய மின்அலை சுழல ஆரம்பித்தால், இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கும். பல திடீர் மரணங்களுக்குக் காரணம் இதுதான்.

ஒருவரின் ரத்தக்குழாயை வேண்டுமென்றே அடைத்து இதையெல்லாம் சோதிக்க எந்த நெறிமுறையும் அனுமதிக்காது. மாதிரிக்குள் தாராளமாகச் சோதிக்கலாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடாலியா ட்ரயனோவா குழுவினர், மாரடைப்புக்குப் பிறகு தழும்பு விழுந்த இதயங்களை எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து கணினியில் கட்டினார்கள். ஆபத்தான துடிப்பு யாருக்கு வரும் என்பதை, வழக்கமான அளவீடுகளைவிட அந்த மாதிரி நன்றாகக் கணித்ததாக 2016-ல் ஆய்வு வெளியானது. ஆனால் அதில் இருந்தவர்கள் 41 பேர் மட்டுமே. நம்பிக்கை தரும் தொடக்கம்தான்; தீர்ப்பு சொல்ல அது போதாது.

எங்கே சறுக்கும்?

ரத்த ஓட்ட மாதிரியை 254 பேரிடம் சோதித்த 'என்.எக்ஸ்.டி.' ஆய்வு 2014-ல் வந்தது. கம்பி வைத்து அளந்ததோடு ஒப்பிட்டதில், கணினி 81 சதவிகிதம் பேருக்குச் சரியாகச் சொன்னது. சி.டி. படத்தை மட்டும் பார்த்தபோது 53 சதவிகிதம்தான் சரி. பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. அதே நேரம், ஐந்தில் ஒருவருக்குத் தப்பு என்பதும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது.

காரணம் என்ன? பெரிய குழாய்கள் சி.டி.யில் தெரியும். நுண்குழாய்கள் தெரியாது. தசையின் அளவை வைத்து, 'இவ்வளவு ரத்தம் தேவைப்படும், நுண்குழாய்கள் இவ்வளவு விரியும்' என்று மாதிரி அனுமானித்துக்கொள்கிறது. சர்க்கரை நோய் கெடுப்பது அந்த நுண்குழாய்களைத்தான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். வேறு நாட்டு நோயாளிகளை வைத்துச் சரிபார்த்த அனுமானம், இங்கே எத்தனை பேருக்கு அப்படியே பொருந்தும்? இந்திய நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்துப் பார்க்காமல், 'வெளிநாட்டில் அனுமதி கிடைச்சாச்சு' என்று மட்டும் சொல்வது போதாது.

குழாய்ச் சுவரில் கால்சியம் அதிகமாகப் படிந்திருந்தால், சி.டி. படத்தில் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். படம் தப்பானால் கணக்கும் தப்பாகும்.

அப்போ என்னதான் செய்யணும்?

முதலில் ஒரு எச்சரிக்கை. நெஞ்சுவலி ஓயாமல் இருக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் இந்த மாதிரி எதுவும் வேண்டாம். ரத்தம் முழுவதும் நின்றுபோனால் சுமார் 20 நிமிடங்களிலேயே தசை நிரந்தரமாகச் சாகத் தொடங்கும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மாரடைப்பின்போது அடைப்பைத் திறப்பது உயிர் காக்கும் சிகிச்சை. அதில் விவாதத்துக்கே இடமில்லை.

படி ஏறினால் மட்டும் வலி என்ற நிலையில் இருப்பவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. இந்தியா உள்ளிட்ட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த 'இஸ்கீமியா' ஆய்வு 2020-ல் வெளியானது. நிலையான இதய நோயாளிகளில், மருந்தோடு தொடங்கியவர்களைவிட முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸுக்குப் போனவர்களுக்கு மரணமோ மாரடைப்போ குறிப்பிடும்படி குறையவில்லை. வலி குறைந்தது, அதுவும் முக்கியமான பலன்தான். இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்கள் இந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்கான கணக்கு தனி.

2017-ல் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது. நல்ல முடிவுதான். ஆனால் விலை குறைந்ததால், 'இது தேவையா?' என்ற கேள்வி இல்லாமல் போய்விடாது. தேவையில்லாத ஸ்டென்ட் மலிவாகக் கிடைத்தாலும் அது தேவையில்லாததுதான். அதற்குப் பிறகு சாப்பிட வேண்டிய ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளும், அவற்றால் வரும் ரத்தக்கசிவு ஆபத்தும் தனி.

ஆகவே, அவசரமில்லாத நோயாளிக்கு ஸ்டென்ட்டைப் பரிந்துரைக்கும் முன், ரத்த ஓட்டம் குறைகிறது என்பதற்கான ஆதாரத்தைக் காட்டுவது மருத்துவமனைகளில் வழக்கமாக வேண்டும். அது டிரெட்மில் டெஸ்ட்டாக இருக்கலாம், கம்பி அளவீடாக இருக்கலாம், கணினி மாதிரியாகவும் இருக்கலாம். மாதிரி என்றால், அந்த எண் எவ்வளவு உறுதியானது, எதையெல்லாம் அனுமானித்தது என்பதும் ரிப்போர்ட்டிலேயே இருக்க வேண்டும். 0.80-ஐ ஒட்டி வரும் எண்களுக்கு இது இன்னும் அவசியம்.

அந்த நாற்பது வயதுக்காரர் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: "அடைப்பு 70 சதவிகிதம்னு புரியுது டாக்டர். அதனால ரத்தம் குறையுதுன்னு எதை வெச்சு சொல்றீங்க?" நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். படத்தைத் திருப்பி வைத்து விளக்குவார்.