தட்டுங்கள், ஆவி பேசும்!

ஹாஸ்டல் அறையில் விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, நாணயத்தை நகர்த்திக்கொண்டே "வந்துட்டியா?" என்று கேட்கும் கூட்டத்துக்கு ஒரு செய்தி. அந்த ஓஜோ போர்டு ஒன்றும் பழங்கால மந்திரப் பலகை இல்லை. 1891-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கி, கடையில் வைத்து விற்ற விளையாட்டுச் சாமான்! அது அவ்வளவு விலைபோனதற்குக் காரணம், அதற்கு நாற்பது வருடம் முன்பே அங்கே முளைத்துவிட்ட ஒரு மதம். பெயர் ஸ்பிரிச்சுவலிசம். ஆன்மீகம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஆவிகளோடு பேசும் மதம்.

கொள்கை எளிமையானது. மரணம் முடிவல்ல. செத்த பிறகும் அதே ஆள், அதே நினைவோடு வேறொரு உலகில் இருக்கிறார். 'மீடியம்' எனப்படும் சில மனிதர்கள் வழியாக அவரோடு பேசலாம். நிரந்தர நரகம் கிடையாது, ஆவியானாலும் திருந்தி முன்னேறலாம். இதுவரை சரி, எந்த மதத்துக்கும் இருக்கிற உரிமைதான். ஆனால் இவர்கள் அங்கே நிற்கவில்லை. அமெரிக்க ஸ்பிரிச்சுவலிஸ்டுகளின் தேசிய சங்கம் 1899-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, செத்தவர்களோடு பேசுவது அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்ட உண்மை என்றே அறிவித்தது.

நிரூபணமா? அப்படியானால் கணக்கைக் கேட்கலாம் இல்லையா?

கணக்கு தொடங்கிய இடம், நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் கிராமம். நாள், 1848 மார்ச் 31. மேகி ஃபாக்ஸ், கேட் ஃபாக்ஸ் என்ற இரண்டு சிறுமிகளின் வீட்டில் ராத்திரியில் 'டொக் டொக்' என்று சத்தம். கேள்வி கேட்டால் சத்தம் பதில் சொன்னது. கொலை செய்யப்பட்டு அந்த வீட்டில் புதைக்கப்பட்ட வியாபாரியின் ஆவியாம். 1849 நவம்பரில் ராச்செஸ்டர் நகரத்து அரங்கில் டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். மூத்த அக்கா லியா மேனேஜர் மாதிரி. சில வருடங்களில் ஊருக்கு ஊர் மீடியம்கள்.

1851-ல் பஃபலோ நகர டாக்டர்கள் மூன்று பேர் பரிசோதித்தார்கள். சகோதரிகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டால் ஆவி வாயே திறக்கவில்லை! மூட்டைச் சொடுக்கும் சத்தம்தான் என்று எழுதினார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1888 அக்டோபர் 21. நியூயார்க்கின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் மேகியே மேடையேறி, செருப்பைக் கழற்றி, சிறிய மரப்பலகையில் காலை வைத்து, விரல் மூட்டைச் சொடுக்கிக் காட்டினார். 'டொக் டொக்' சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. எல்லாம் ஏமாற்று என்றார். கேட்டும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

மதம் அதோடு இழுத்து மூடப்பட்டதா? இல்லை. மறு வருடமே மேகி தன் வாக்குமூலத்தை வாபஸ் வாங்கினார். விசுவாசிகள் இன்றுவரை சொல்லும் பதில் இது: "அவருக்கு வறுமை, குடி. காசுக்காக அந்த வாக்குமூலம் கொடுத்தார்." இருக்கலாம். ஆனால் காசு வாங்கினார் என்பதற்காக ஒரு ராத்திரி வாக்குமூலம் செல்லாது என்றால், காசு வாங்கி நாற்பது வருடம் காட்டிய சத்தம் மட்டும் எப்படிச் செல்லும்? வரவுக்கு ஒரு விதி, செலவுக்கு ஒரு விதி என்று கணக்கு எழுத முடியாது.

"பெரிய விஞ்ஞானிகளே நம்பினார்களே" என்று அடுத்த வாதம் வரும். உண்மைதான். தாலியம் தனிமத்தைக் கண்டுபிடித்த வில்லியம் க்ரூக்ஸ் நம்பினார். 1915-ல் போரில் மகன் ரேமண்டைப் பறிகொடுத்த இயற்பியல் அறிஞர் ஆலிவர் லாட்ஜ், மகனின் ஆவி பேசியதாக மறு வருடமே புத்தகம் போட்டார். ஆனால் தாலியம் யாரையும் ஏமாற்ற நினைப்பதில்லை, மனிதர்கள் நினைப்பார்கள். அதனால்தான் விஞ்ஞானிகள் கோட்டைவிட்ட இடத்தில் மேஜிக் நிபுணர் ஹூடினி வித்தையைப் பிடித்தார். 1926-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பே போய் போலி மீடியம்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெண்கள் மேடையில் பேசுவதே தப்பு என்றிருந்த காலத்தில், 'ஆவி பேசுகிறது' என்ற பெயரில் பெண்கள் ஆயிரம் பேர் முன்னால் பேச முடிந்தது. ஃபாக்ஸ் சகோதரிகளை முதலில் ஆதரித்த ஏமி போஸ்ட், அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் உழைத்தவர். நல்லவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் நல்லவர்கள் கையெழுத்துப் போட்டால் பொய்க்கணக்கு மெய்க்கணக்கு ஆகிவிடாது.

கடைசியாக எல்லோரும் சொல்வது: "பாவம், ஆறுதல்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டத்தைப் பாருங்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். பல குடும்பங்களுக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் வில்லியம் மம்ளர் என்ற போட்டோகிராபர், செத்தவர் உருவம் பின்னால் மங்கலாகத் தெரியும்படி படம் எடுத்துத் தந்தார். ஒரு படம் பத்து டாலர்! அந்த 'ஆவி'களில் சில உயிரோடு நடமாடும் ஆட்களின் முகங்கள் என்று பாஸ்டனில் குட்டு வெளிப்பட்டது. 1869-ல் நியூயார்க்கில் மோசடி வழக்கு. ஆதாரம் போதாது என்று விடுவிக்கப்பட்டார். அதன் பிறகும் கணவன் லிங்கனையும் பிள்ளைகளையும் இழந்த மேரி லிங்கன் அவரிடம் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் முட்டாள் இல்லை. துக்கத்தில் இருந்தவர். துக்கத்தில் இருப்பவர் பேரம் பேசமாட்டார், ரசீது கேட்கமாட்டார். இந்தத் தொழிலின் முதலீடே அதுதான். சாமியைக் கும்பிட்டு அழுகிறவருக்கு யாரும் பொய்ச் சாட்சி தயாரித்துத் தருவதில்லை. ஆனால் இங்கே செத்த பிள்ளையின் குரலைப் போலியாகச் செய்து, "அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்று சொல்ல வைத்து, விலை வாங்கினார்கள். சில்லறை மாற்றும்போது கள்ள நோட்டு கொடுத்தால் ஜெயில். செத்த பிள்ளை விஷயத்தில் கொடுத்தால் மட்டும் 'ஆறுதல்' என்று எப்படிப் பெயர் வைப்பது?