பின்காவலுக்கு மூத்தோரா, இளையோரா?

மாலைப் பொழுதில் வாவிக்கரை மைதானங்களின் ஓரமாக நடப்போர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். உள்ளே உதைபந்தாட்டம் நடைபெறும். பின்காவலில் நாற்பதை அண்மிய இருவர் நிற்பர். வெளியே, சப்பாத்தணிந்த இளைஞர் இருவர் அழைப்பை எதிர்நோக்கி அமர்ந்திருப்பர். ஆட்டம் முடியும், அழைப்பு வாராது. அடுத்த ஆண்டு அவ்விளைஞரைத் தேடினால், ஒருவர் கொழும்பிலும் மற்றவர் கட்டாரிலும் இருப்பர். நம் கழகங்கள் மூத்த பின்காவலரை வைத்திருத்தல் வேண்டுமா, அன்றிப் புதியவரைத் தெரிதல் வேண்டுமா என்னும் வினா இங்கேதான் பிறக்கின்றது.

மூத்தோர் பக்கத்து நியாயம் சிறிதன்று. முன்வரிசை வீரன் ஒன்பது முறை தவறிப் பத்தாம் முறை வென்றால் போற்றப்படுவான். பின்காவலனோ ஒன்பது முறை தடுத்துப் பத்தாம் முறை தவறினால் ஆட்டமே போயிற்று. எதிரியின் தோளசைவைக் கண்டு பந்து செல்லும் திசையை முன்னறிதல் ஆண்டுகள் தரும் கல்வியாகும். மேலும், இன்று நாற்பதை எட்டியோர் தம் இளமையின் பெரும்பகுதியைப் போருக்கும் இடப்பெயர்வுக்கும் கொடுத்தவர். 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்டவர். 2009இல் போர் ஓய்ந்த பின்னரே பலருக்கு மைதானம் அமைதியாக வாய்த்தது. அதை விட்டு நீங்குக என அவரிடம் கூற எமக்கு நாக்கூசுகின்றது. நாமும் அத்தலைமுறையினரே.

ஆயினும் இரக்கம் வேறு, அணித்தெரிவு வேறு. நாம் இழந்த இளமையை இன்றைய இளைஞரின் இளமையைக் கொண்டு ஈடுசெய்தல் முறையன்று.

இவ்விடயத்தில் பிறேசில் நாட்டின் வரலாறு நமக்கு நல்ல பாடமாகும். 1962இல் சிலி நாட்டில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அவ்வணியின் இடப்பக்கக் காவலர் நில்டன் சாண்டோசுக்கு வயது 37. வலப்பக்கக் காவலர் ஜல்மா சாண்டோசுக்கு 33. கிண்ணம் பிறேசிலுக்கே கிடைத்தது. அவ்வெற்றியின் நினைவு தெரிவாளரின் கண்ணை மறைத்தது போலும். 1966இல் இங்கிலாந்துக்குச் சென்றபோது 37 வயதான ஜல்மா சாண்டோசையும் 36 வயதான பெல்லினியையும் மீண்டும் பின்காவலில் நிறுத்தினர். கார்லோஸ் அல்பேர்ட்டோ என்னும் இளம் வலப்பக்கக் காவலரைத் தாயகத்திலேயே விட்டுச் சென்றனர். ஹங்கேரியிடம் ஒன்றுக்கு மூன்று என்னும் கணக்கில் தோற்றனர். உடனே அச்சங்கொண்டு, போர்த்துக்கலுக்கு எதிரான அடுத்த ஆட்டத்திற் கோல் காப்பாளர் உட்படப் பின்வரிசை முழுவதையும் மாற்றினர். அவ்வாட்டத்திலும் அதே கணக்கில் தோற்று முதற்சுற்றோடு வெளியேறினர். அன்று விடப்பட்ட கார்லோஸ் அல்பேர்ட்டோவே 1970இல் மெக்சிக்கோவில் அணித்தலைவராகக் கிண்ணத்தை ஏந்தினார்.

இதனாற் பெறப்படுவது யாது? மூத்தோரை வைத்திருந்ததால் மட்டும் பிறேசில் தோற்கவில்லை. 1962இல் அவரைக் கொண்டே வென்றது. புதியோரைக் கொணர்ந்தமையும் மருந்தாகவில்லை. மூத்தோர் நின்ற காலத்திலேயே அவரருகில் இளையோரைப் பழக்காது விட்டமையே பிழை. ‘தெரிந்து வினையாடல்’ என வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தது அரசர்க்கு மட்டுமன்று. அணித் தெரிவாளர்க்கும் அது பொருந்தும்.

ஆகவே எமது கருத்து இது. மூத்த பின்காவலரை வைத்திருங்கள். ஆனால் தம் இடத்துக்கு ஒருவனைப் பழக்கும் கடமையோடு வைத்திருங்கள். இரு பக்கத்துக் காவலரையும் ஒரே ஆண்டில் மாற்றாதீர்கள். ஒரு பக்கத்தில் முதிர்ந்தவரும் மறுபக்கத்தில் இளையவரும் நிற்கட்டும். 1966இல் ஆட்டத்தின் இடையே ஆளை மாற்ற விதி இடந்தரவில்லை. இன்றோ உலகப் போட்டிகளில் ஐவரை மாற்றலாம். அவ்வாய்ப்பைப் பயன்படுத்தி இளையவனுக்குப் பிற்பாதி ஆட்டத்தையேனும் கொடுங்கள். ஒருவரின் பிறந்த ஆண்டைப் பாராது, பின்வாங்கி ஓடும் வேகத்தைப் பாருங்கள். விலகும் மூத்தவருக்குப் பொன்னாடையோடு நின்றுவிடாது, நம் கல்லூரிச் சிறுவரைப் பயிற்றும் பொறுப்பையும் கொடுங்கள்.

எம் பின்காவல் இடத்தை எம்மிடம் கற்ற மாணவன் ஒருவனுக்கு விட்டுக்கொடுத்த நாளில் எமக்கும் மனம் நொந்தது. இரு வாரம் மைதானத்துப் பக்கமே செல்லவில்லை. அடுத்த பருவத்தில் ஒருநாள் அவன், நாம் சொல்லிக் கொடுத்தவாறே எதிரியை ஓரத்துக்கு ஒதுக்கி, காலை அவசரப்பட்டு நீட்டாது காத்திருந்து பந்தைப் பறித்தான். கரையிலிருந்த நாம் எம்மை மறந்து எழுந்து நின்றோம். எமது நோவு அன்று தீர்ந்தது. பழைய மாணவராகிய நாம் கல்லூரிக்குச் செய்யத்தக்க தொண்டும் அதுவே: இடத்தை மட்டும் விட்டுக்கொடாது, கற்றதையும் உடன் கொடுத்தல்.