ஆங்கிலக் கமாவும் நம் கல்லாப்பெட்டியும்

கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்பது நம் கடையில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். 125 ரூபாய் 12.5 ரூபாய் ஆகிவிடும். அதனால்தான் எண் என்று வந்துவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய காகிதம் என்று வந்துவிட்டால், "எங்கே கையெழுத்து?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறக்கிறோம். அந்தக் காகிதத்தில் உள்ள சின்னஞ்சிறு கமா, கணக்கில் உள்ள புள்ளியைப் போலவே நம் பணத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று சிறு மளிகைக் கடைக்கும் ஆங்கிலக் காகிதம் வராத மாதம் இல்லை. கம்பெனிகளின் விநியோக ஒப்பந்தம், வங்கிக் கடன் பத்திரம், தீ விபத்துக் காப்பீட்டுப் பாலிசி, வரித்துறை நோட்டீஸ் என்று வந்துகொண்டே இருக்கின்றன. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி கடை வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருந்தாக வேண்டும். அதையும் பல இடங்களில் ஆங்கிலத்திலேயே தட்டச்சு செய்து நீட்டுகிறார்கள். ஆகவே கமாவைப் பற்றித் தெரிந்துகொள்வது பள்ளிப் பிள்ளைகளின் வேலை மட்டும் அன்று.

நமக்கு இது ஏன் பழக்கத்தில் வரவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் காற்புள்ளி அச்சு வந்த பிறகு வந்த பழக்கம். ஓலைச்சுவடியில் அது கிடையாது. "அரிசியும் பருப்பும் எண்ணெயும்" என்று சொன்னால் ஒவ்வொரு பொருளோடும் "உம்" ஒட்டிக்கொண்டு எண்ணிக் கொடுத்துவிடுகிறது. இதைத்தான் பள்ளியில் எண்ணும்மை என்று படித்தோம். ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. நான்கு பொருள்களைச் சொன்னாலும் கடைசியில் ஒரே ஒரு "அண்ட்" தான் வரும். மற்ற இடங்களில் பிரித்துக் காட்டும் வேலையைக் கமாதான் செய்ய வேண்டும். "கோகனட் ஆயில்" என்றால் தேங்காய் எண்ணெய். நடுவில் ஒரு கமா விழுந்து "கோகனட், ஆயில்" என்றானால் தேங்காய் வேறு, எண்ணெய் வேறு.

இது வேடிக்கை அன்று. 1872-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட இறக்குமதி வரிச் சட்டத்தில் இதுதான் நடந்தது. வரி இல்லாத பொருள்களின் பட்டியலில் பழச்செடிகளைச் சேர்க்க நினைத்தார்கள். ஆங்கிலத்தில் பழம் என்ற சொல்லையும் செடிகள் என்ற சொல்லையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கமா விழுந்துவிட்டது. உடனே பழ இறக்குமதியாளர்கள், "பழத்துக்கும் வரி கிடையாது, செடிக்கும் வரி கிடையாது என்று உங்கள் சட்டமே சொல்கிறது" என்று கேட்டார்கள். 1874-இல் சட்டத்தைத் திருத்துவதற்குள் அந்த அரசுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் இழப்பு. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியலைப் பிரிப்பது கமாவின் முதல் வேலை. இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது. "தி பேக்ஸ் விச் வேர் வெட் வேர் ரிட்டர்ன்ட்" என்று கமா இல்லாமல் எழுதினால், நனைந்த மூட்டைகளை மட்டும் திருப்பி அனுப்பினோம் என்று பொருள். "விச் வேர் வெட்" என்ற மூன்று சொற்களுக்கு முன்னும் பின்னும் ஒரு கமா போட்டால், வந்த மூட்டைகள் எல்லாமே நனைந்திருந்தன, எல்லாவற்றையும் திருப்பிவிட்டோம் என்று பொருள். 100 மூட்டையில் 12 மூட்டை நனைந்து வந்து, கடிதத்தில் இரண்டு கமா தவறி விழுந்தால், 88 மூட்டைக்கு வீண் தகராறு.

மூன்றாவது வேலை, ஒரு நிபந்தனை எதைச் சேரும், எதைச் சேராது என்று காட்டுவது. நம் பணம் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். கம்பெனி ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "டேமேஜ்டு கூட்ஸ் அண்ட் எக்ஸ்பயர்டு கூட்ஸ் ரிட்டர்ன்ட் வித்தின் 30 டேஸ்" ஏற்றுக்கொள்ளப்படும். கமா இல்லாததால், உடைந்த சரக்கு, தேதி முடிந்த சரக்கு இரண்டுக்குமே 30 நாள் கெடு என்று கம்பெனிக்காரர் வாதிடலாம். "அண்ட்" என்பதற்கு முன் ஒரு கமா இருந்தால், கெடு தேதி முடிந்த சரக்குக்கு மட்டும்தான் என்று நாம் வாதிட இடம் கிடைக்கும்.

இத்தகைய வாதம் வெளிநாடுகளில் பெரிய தொகைக்கு நடந்திருக்கிறது. கனடாவில் ரோஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனம், கம்பங்களில் தன் கம்பிகளைக் கட்டிக்கொள்ள 2002-இல் ஓர் ஒப்பந்தம் செய்தது. ஐந்து ஆண்டுகளுக்கு வாடகை மாறாது என்று அது நம்பியிருந்தது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு நீடிக்கும், அதன்பின் மேலும் ஐந்து ஐந்து ஆண்டாகத் தொடரும், ஓராண்டு முன்னறிவிப்புத் தந்து முறித்தாலொழிய என்பது அந்த வாக்கியம். கடைசிப் பகுதிக்கு முன் ஒரு கமா இருந்தது. அந்தக் கமாவின்படி முறிக்கும் உரிமை முதல் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துத்தான் என்று 2006-இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் முடிவு சொன்னது. தனக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் கூடுதல் செலவு என்று ரோஜர்ஸ் கணக்குக் காட்டியது. 2007-இல் முடிவு மாறியது. எப்படி? அதே ஒப்பந்தத்தின் பிரெஞ்சு மொழிப் படிவத்தில் அந்தக் குழப்பம் இல்லை. நம் கடை வாடகை ஒப்பந்தங்களிலும் இதே அமைப்பில் வாக்கியம் வருவதைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் விளங்கும்.

இருந்த கமாவால் வந்த வழக்கு அது. இல்லாத கமாவால் வந்த வழக்கும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் கூடுதல் நேரச் சம்பளம் கேட்டார்கள். உணவுப் பொருள்களைப் பதப்படுத்துதல், சேமித்தல், அனுப்புவதற்காகக் கட்டுதல் முதலிய வேலைகளுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கிடையாது என்பது அம்மாநிலச் சட்டம். பட்டியலின் கடைசியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்று கமா இல்லாமல் இருந்தது. விநியோகம் என்பது தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகக் கட்டுவது என்று பொருளா? ஓட்டுநர்கள் விநியோகம் செய்தார்களே தவிரக் கட்டவில்லை. பொருள் தெளிவாக இல்லை, ஆகவே தொழிலாளிக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும் என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் அந்த நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

நம் நாட்டு நிலை என்ன? 1952-இல் நம் உச்ச நீதிமன்றம், சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தக்குறி சிறிய அம்சமே என்று ஒரு வழக்கில் கூறியது. ஆனால் 1979-இல் மருந்துச் சட்டம் பற்றிய வழக்கில், கமா இல்லாததையே அதே நீதிமன்றம் காரணமாக எடுத்துக்கொண்டது. "ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்" என்ற தொடரில் "ஸ்டாக்ஸ்" என்ற சொல்லுக்குப் பின் கமா இல்லை. ஆகவே இருப்பு வைத்தாலே அந்தப் பிரிவின்கீழ்க் குற்றமாகிவிடாது, விற்பனைக்காக இருப்பு வைத்தால்தான் குற்றம் என்று தீர்ப்பு வந்தது. சரக்கு இருப்பு வைத்துப் பிழைக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு வேண்டுமா? கமாவை நீதிபதி பார்ப்பார் என்றும் நம்பி இருக்க முடியாது, பார்க்கமாட்டார் என்றும் நம்பி இருக்க முடியாது.

எண்ணிலும் ஒரு எச்சரிக்கை தேவை. நாம் 10,00,000 என்று எழுதுவதை மேல்நாட்டார் 1,000,000 என்று எழுதுகிறார்கள். ஜெர்மனி, வியட்நாம், இந்தோனேசியா போன்ற நாடுகளில் நாம் தசமப்புள்ளி வைக்கும் இடத்தில் கமா வைப்பது வழக்கம். அங்கே 1,250 கிலோ என்று எழுதினால் ஒன்றேகால் கிலோவாகவும் இருக்கலாம். மிளகும் பாக்கும் அங்கிருந்து தருவிக்கும் நண்பர்கள் விலைப்பட்டியலில் இதைக் கவனிக்க வேண்டும்.

நாமே ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது சில விதிகள் போதும். பேசும்போது மூச்சு விடும் இடத்தில் எல்லாம் கமா போடக் கூடாது. யார் செய்தார் என்பதற்கும் என்ன செய்தார் என்பதற்கும் நடுவே ஒற்றைக் கமா போடக் கூடாது. முடிந்துவிட்ட இரண்டு வாக்கியங்களைக் கமாவை மட்டும் வைத்து ஒட்டக் கூடாது. அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். "இஃப்" என்று தொடங்கும் நிபந்தனை முடியும் இடத்தில் கமா போட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக என் கருத்து இதுதான். பணம் சம்பந்தப்பட்ட ஒரு வரியின் பொருள் ஒரு கமாவை நம்பி நிற்கிறது என்று தெரிந்தால், கமாவைத் திருத்துவதோடு நிற்காதீர்கள். அந்த வரியையே மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுத் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எந்தக் கெடு எந்தச் சரக்குக்கு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் பால் நிறுவன வழக்குக்குப் பிறகு மெய்ன் மாநிலமே தன் சட்டத்தில் கமாக்களை எடுத்துவிட்டு அரைப்புள்ளி போட்டு, விநியோகத்தைத் தனியாகப் பிரித்து எழுதியது.

"இதெல்லாம் வக்கீல் பார்க்க வேண்டிய வேலை" என்று சிலர் சொல்லலாம். பெரிய நிறுவனம் வக்கீலை வைத்துத்தான் அந்த வரியை எழுதுகிறது. நம்மிடம் கையெழுத்துக்கு வரும்போது வக்கீல் இருப்பதில்லை, விற்பனைப் பிரதிநிதிதான் நிற்கிறார். "கம்பெனி ஃபார்ம் சார், மாற்ற முடியாது" என்கிறார். படிவத்தை மாற்ற முடியாவிட்டாலும், "இந்த வரியை நாங்கள் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம், சரிதானா?" என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைக்க முடியும். அதற்குச் செலவு ஒரு தபால் தலைதான்.

நம் சங்கமும் இதில் ஒரு காரியம் செய்யலாம். உறுப்பினர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் வாடகை ஒப்பந்தம், விநியோக ஒப்பந்தம், சரக்குத் திருப்பும் கடிதம் மூன்றுக்கும் மாதிரிப் படிவங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து, வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்து, இந்த இதழிலேயே வெளியிடலாம். கனடாவில் பிரெஞ்சுப் படிவம் காப்பாற்றியதுபோல் நம்மைத் தமிழ்ப் படிவம் காப்பாற்றும். நிர்வாகக் குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.