பாறைச் சுவரில் பசியும் தாகமும்

மலையேற்றத்துக்குரிய உணவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சத்து அட்டவணையிலிருந்தே தொடங்குகின்றனர். ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ ஏறத்தாழ 4 கிலோகலோரி வெப்பம் தருகிறது. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகிறது. ஆதலின், கொழுப்பு மிகுந்ததும் நீர் வற்றியதுமான உணவே மலைக்கு ஏற்றது என்னும் முடிவுக்கு அவர்கள் வந்துவிடுகின்றனர். இக்கணக்கு பிழையானதன்று; ஆனால் பாதிக் கணக்கே. பல நாள்கள் தொடர்ந்து ஏறவேண்டிய செங்குத்துப் பாறைகளில் மற்றப் பாதியை மறப்பது ஆபத்தில் முடியக்கூடும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில், எல் கேப்பிட்டன் என்னும் கருங்கற் சுவர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. 1957ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியின் பயனாக, 1958 நவம்பரில் வாரன் ஹார்டிங், வெய்ன் மெரி, ஜார்ஜ் விட்மோர் ஆகிய மூவரும் முதன்முறையாக அச்சுவரின் வழியே உச்சியை அடைந்தனர். 1960இல் நால்வர் அடங்கிய குழு ஒன்று அதே வழியை 7 நாள்களில் ஏறி முடித்தது. இத்தகைய ஏற்றத்தில் இரவிலும் சுவரிலேயே தங்க வேண்டும். உணவும் படுக்கையும் பையில் அடைக்கப்பட்டுக் கயிற்றால் மேலே இழுக்கப்படுகின்றன. வெயில் காயும் அப்பாறையில் ஊற்றை நம்பிச் செல்ல இயலாது. குடிக்கும் நீர் முழுவதையும் அடிவாரத்திலிருந்தே கொண்டுசெல்ல வேண்டும்.

இருவர் 5 நாள்கள் ஏறுவதாகவும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் நீர் தேவை என்றும் கொள்வோம். நீர் மட்டுமே 30 கிலோகிராம் ஆகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 700 கிராம் உலர் உணவு என்று கொண்டால், மொத்த உணவு 7 கிலோகிராமே. அதாவது, சுமையில் உணவைப்போல் நான்கு மடங்குக்கு மேல் நீரே இருக்கிறது. இந்நிலையில், உலர் உணவால் எடை குறைகிறது என்பது பெரும்பாலும் தோற்றமே. 125 கிராம் உலர்ந்த சோற்றுக் கலவையை உண்ணத்தக்கதாக்க 300 கிராம் நீர் வேண்டுமானால், அந்நீரையும் ஏறுவோரே இழுத்துச் செல்கின்றனர். அதனோடு அடுப்பும் எரிபொருளும் சேர்கின்றன. மாறாக, நீரோடு சேர்த்து டப்பாவில் அடைத்த பழமும் பருப்பும் அடுப்பின்றி உண்ணத்தக்கவை. அவற்றிலுள்ள நீரும் உடலுக்குப் பயன்படுகிறது. டப்பாவின் எடை ஒன்றே மிகுதி. வெற்று டப்பாவைக் கீழே எறிதல் கூடாது. கழிவு அனைத்தையும், மனிதக் கழிவு உட்பட, ஏறியவர்களே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது யோசெமிட்டியின் விதி.

இனி இமயத்தை நோக்குவோம். உத்தரகண்ட் மாநிலத்தில் கங்கோத்திரிக்கு அருகில் உள்ள மேரு நடுச் சிகரம் சுமார் 6,300 மீட்டர் உயரமுடையது. அங்கே நீர் பனிக்கட்டியாகச் சுற்றிலும் கிடக்கிறது. அதனை உருக்கும் எரிபொருளே அரியது. 0 பாகையிலுள்ள ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அந்த நீரை 0 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கவும் அதே அளவு வெப்பமே தேவை. 6,000 மீட்டர் உயரத்தில் நீர் கொதிப்பதும் ஏறத்தாழ 80 பாகையிலேயே. ஆகவே, அடுப்பு தரும் வெப்பத்தில் பாதி பனியை உருக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. கொதித்த பின்னும் பருப்பு வேகாது. இவ்விடத்தில் உலர் உணவு உண்மையாகவே சிறந்தது. ஆயினும் அது ஊறினாலே உண்ணத்தக்கதாக இருக்க வேண்டும். அவல், வறுத்த மாவு, முன்பே வேகவைத்து உலர்த்திய சோறு ஆகியவை பொருந்தும்; பச்சையரிசியும் பருப்பும் பொருந்தா.

ஒரே உணவுப் பட்டியல் இவ்விரு மலைகளுக்கும் உதவாது என்பது இதனால் விளங்கும். உணவின் தகுதியை அதன் எடை மட்டும் முடிவு செய்வதில்லை. நீர் எங்கிருந்து வருகிறது, நெருப்பு எதனால் எரிகிறது என்னும் இரண்டு வினாக்களுமே முடிவு செய்கின்றன.

மூன்றாவது வினா காலத்தைப் பற்றியது. 1970இல் ஹார்டிங்கும் டீன் கால்டுவெல்லும் எல் கேப்பிட்டனின் மற்றொரு வழியில், திட்டமிட்டதைவிட மிகுதியாக, 27 நாள்கள் தங்க நேர்ந்தது. 2008இல் கான்ராட் ஆங்கர், ஜிம்மி சின், ரெனான் ஓஸ்டர்க் ஆகியோர் மேருவின் ‘சுறாத் துடுப்பு’ எனப்படும் பாறைக்கு 7 நாள் உணவுடன் சென்றனர். பெரும்புயலில் சிக்கி, 20 நாள்கள் கழித்து, உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழேயிருந்து திரும்பினர். 2011இல் மீண்டும் சென்று வென்றனர். உணவுக் கணக்கு நல்ல வானிலையை நம்பிப் போடப்படுகிறது. மலையோ அந்நம்பிக்கைக்குக் கட்டுப்படுவதில்லை.

மிகுதியான உணவு சுமையைக் கூட்டும், சுமை வேகத்தைக் குறைக்கும், வேகம் குறைந்தால் நாள்கள் பெருகும் என்று சிலர் மறுப்பர். இம்மறுப்பு நியாயமானதே. ஆனால் குறைந்த உணவோடு உடல் பல நாள் தாங்கும்; நீரின்றிச் சில நாள்களே தாங்கும். மேருவில் 7 நாள் உணவு 20 நாள்களுக்கு நீட்டப்பட்டதே இதற்குச் சான்று. ஆகவே, முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது உணவன்று. வறண்ட பாறையில் நீர், பனி மலையில் எரிபொருள். அவற்றுக்குப் பின்னரே, நீரும் நெருப்பும் வேண்டாத சிறிதளவு உணவு: வெல்லம் சேர்த்த வேர்க்கடலை, பேரீச்சை, உலர்ந்த திராட்சை போன்றவை. திட்டமிட்ட நாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு இவ்வாறு ஒதுக்குவது முறையாகும்.

சுவையையும் அற்பமாகக் கருதுதல் தகாது. உயரத்தில் பசி மந்தமாகிறது; நெய் கலந்த உணவு பலருக்கு வெறுப்பூட்டுகிறது. உண்ணப்படாமல் பையில் கிடக்கும் 900 கிலோகலோரி நெய்யைவிட, விரும்பி உண்ணப்படும் 350 கிலோகலோரி அவல் மேலானது. வீட்டில் பழகிய உணவை மலைக்கேற்ப மாற்றிக்கொள்வதே, பழகாத உணவை விலை கொடுத்து வாங்குவதினும் சிறந்த வழி.

டார்ஜிலிங்கில் 1954இலும் உத்தரகாசியில் 1965இலும் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் நிறுவப்பட்டன. அவை போன்ற நிலையங்களின் வழியே மலையை நாடும் இளைஞர்க்குக் கயிற்று முடிச்சைப் போலவே இக்கணக்கும் கற்பிக்கப்பட வேண்டும். இது மலையேறுவோர்க்கு மட்டும் உரியதன்று. வறண்ட குன்றுகளில் முகாமிடும் நிலவியல் ஊழியரும் வனக் காவலரும் புறப்படுமுன் இதே மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். ஆசிரியர்கள் உருகலின் உள்ளுறை வெப்பத்தைப் பாடமாக நடத்தும்போது, ஒரு கோப்பை பனியையும் ஒரு சிறு அடுப்பையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அப்பாடத்தை உணர்ந்து கற்ற மாணவன், பின்னொரு நாள் மலைமேல் அதன் பயனை அறிவான்.