யோபுவின் பிள்ளைகள் செய்த குற்றம் என்ன?



கிறிஸ்தவர் வீட்டில் ஒரு சாவு நேர்ந்துவிட்டால், பிணம் வாசலைத் தாண்டுமுன் பாதிரியாரோ உபதேசியாரோ வந்து உட்கார்ந்துகொண்டு, கொடுத்த கர்த்தரே எடுத்துக்கொண்டார், அழக்கூடாது, இது ஒரு சோதனை, இதிலும் ஏதோ ஒரு நல்ல நோக்கம் இருக்கும் என்பதாக ஆறுதல் சொல்லுவது வழக்கம். இதற்கு அவர்கள் பெரிய ஆதாரமாக எடுத்துக்காட்டுவது யோபு என்பவனுடைய கதை. நம் தோழர்களில் பலர் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நாமும் வேத சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றவரல்ல. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பைபிளில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதையே சொல்லுகிறோம்.

யோபு மகா யோக்கியன். அவனுக்கு 7 ஆண் பிள்ளைகள், 3 பெண் பிள்ளைகள்; 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள். ஒரு நாள் கடவுள் தம்முடைய சபையில் சாத்தானிடம் இவனைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளுகிறார். எல்லாம் கொடுத்து வைத்திருக்கிறீர், அதனால் பக்தி செய்கிறான், பிடுங்கிப் பாரும் என்கிறான் சாத்தான். அப்படியானால் நீயே பிடுங்கிப் பார், அவன் உடம்பை மாத்திரம் தொடாதே என்று கடவுள் உத்தரவு கொடுக்கிறார். ஒரே நாளில் மாடும் ஒட்டகமும் கொள்ளை போகின்றன, ஆடுகள் தீயில் வேகின்றன, பெருங்காற்று அடித்து வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளும் நசுங்கிச் சாகிறார்கள். பிறகு உடம்பைத் தொடவும் அனுமதி கிடைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை கொப்புளம் கிளம்புகிறது. கடைசியில் யோபு பந்தயத்தில் கடவுளை ஜெயிக்க வைத்ததற்காக ஆடு 14,000, ஒட்டகம் 6,000 என்று எல்லாம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. பிள்ளைகள் மாத்திரம் இரட்டிப்பில்லை. மறுபடியும் 7 ஆண், 3 பெண்.

பத்துப் பிள்ளைகளை வாரிக்கொடுத்தவனிடம் வேறு பத்தைக் கொடுத்து, கணக்குச் சரியாகிவிட்டது என்றால், பிள்ளை என்ன செத்த ஆட்டுக்கு மாற்று ஆடா? சரி, தகப்பன் சோதிக்கப்பட்டான்; செத்துப்போன அந்தப் பத்துப் பேரும் என்ன குற்றம் செய்தார்கள்? யாரோ இருவர் போட்ட பந்தயத்துக்குத் தங்கள் உயிர் பணயமாகப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. யோபுவுக்காவது பின்னால் தெரிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஏன் இந்தக் கஷ்டம் என்று அவன் அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்கிறான். கடவுள் சூறாவளியிலிருந்து பேசும்போது, உலகத்தை நான் உண்டாக்கின நாளில் நீ எங்கே இருந்தாய் என்று அதட்டுகிறாரேயல்லாமல், பந்தயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆகா, எவ்வளவு நேர்மையான பதில்! அந்தப் பத்துப் பேரையும் பெற்றெடுத்த அம்மாளோ கதை முழுவதிலும் ஒரே ஒரு தரம் வாய் திறக்கிறாள். புத்தி கெட்டவளைப் போல் பேசுகிறாய் என்று புருஷன் அடக்கிவிடுகிறான். பெற்றவளுக்கு ஆறுதல் சொல்ல எந்த வேதத்துக்கும் நேரம் கிடைப்பதில்லை.

கதை கதையாகவே கிடந்தால் நமக்கொன்றும் நஷ்டமில்லை. அது மனிதன் வியாதிக்கு மருந்து தேடும்போது குறுக்கே வந்து நின்றதுதான் விஷயம். 1721-ல் இங்கிலாந்தில் அம்மை நோய்க்குப் பால் குத்திக்கொள்ளும் முறை பரவத் தொடங்கிற்று. 1722-ல் லண்டனில் எட்மண்டு மாஸ்ஸி என்ற பாதிரியார் இதே யோபுவின் கதையை எடுத்துவைத்துக்கொண்டு, அந்தக் கொப்புளங்களே சாத்தான் குத்திய அம்மையாக இருக்கலாம், வியாதி பாவத்துக்குத் தண்டனையாகவும் விசுவாசத்துக்குச் சோதனையாகவும் கடவுள் அனுப்புவது, அதைத் தடுப்பது பாவம் என்று பிரசங்கம் செய்து அச்சிட்டும் பரப்பினார். எல்லாப் பாதிரிகளும் இப்படியே என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் காட்டன் மாதர் என்ற பாதிரியார் பால் குத்துவதை ஆதரித்து உதை படாத குறையாக வசவு வாங்கினார். ஆனால் அவருக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தது பைபிள் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட ஓர் அடிமை!

இதைக் கேட்டு நம் இந்து சிகாமணிகள் சிரிக்க வேண்டாம். நம் நாட்டில் அதே நோயை மாரியாத்தாள் விளையாட்டு என்று சொல்லி வேப்பிலையைச் செருகிவைத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். பாதிரியின் சோதனையும் அய்யரின் தலைவிதியும் ஒரே கடைச் சரக்கு. 1796-ல் ஜென்னர் பசுவின் அம்மையிலிருந்து தடுப்பு கண்டார். 1980-ல் அந்த நோயே உலகத்தை விட்டு ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. கடவுள் அனுப்பிய சோதனை என்றால் ஊசிக்குப் பயந்து ஓடுவானேன்?

இது பழங்கதை என்று சொல்லுவார்களானால், வேளாங்கண்ணிக்கு வரட்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மாதாவைக் கும்பிட வெகு தூரத்திலிருந்து வந்தவர்கள் பலர் காலையில் கடற்கரையில் நின்றபோது சுனாமி வந்து நூற்றுக்கணக்கான பேரை அடித்துக்கொண்டு போயிற்று. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். கோவில் தப்பியது மாதாவின் அற்புதம் என்றார்கள். கட்டடம் தப்பியது அற்புதமென்றால், அதைத் தேடி வந்த பக்தன் செத்தது என்ன? தப்பினால் கிருபை, செத்தால் சித்தம் என்றால் இந்த வியாபாரத்தில் நஷ்டமே வராது!

உண்மையான காரணம் மறைபொருளல்ல. அன்று காலை 6½ மணி சுமாருக்கு சுமத்ரா தீவருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். சொல்லத்தான் ஆளில்லை. பசிபிக் கடலில் 1949 முதலே அமெரிக்கா எச்சரிக்கை நிலையம் வைத்திருந்தது. நம் கடலில் இல்லை. 2007-ல்தான் ஹைதராபாத்தில் ஏற்பட்டது. அங்கே உட்கார்ந்து கடலடி அதிர்ச்சியைக் கணக்குப் பார்ப்பவர்களில் கிறிஸ்தவரும் இருக்கலாம், இந்துவும் இருக்கலாம். ஆனால் மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அவர்கள் பார்ப்பது கருவியை, சித்தத்தையல்ல.

துக்கப்பட்டவனுக்கு ஆறுதல் வேண்டாமா, நீங்கள் கல் நெஞ்சர் என்று சில நண்பர்கள் நமக்கு எழுதுகிறார்கள். வேண்டும். பிள்ளையை இழந்தவள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள், அழுகிறவளை அழ விடுங்கள், பாக்கி இருக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுங்கள். இதையெல்லாம் செய்கிற கிறிஸ்தவத் தோழர்கள் அநேகர் உண்டு. அவர்களுக்கு நம் வணக்கம். உன் பிள்ளை செத்ததில் ஒரு நல்ல நோக்கம் உண்டு என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள்.

யோபுவின் முதல் பத்துப் பிள்ளைகளின் சாவில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நன்மை என்பதற்குப் பாதிரிமார் யாராவது பதில் எழுதினால், ஓர் எழுத்தும் குறைக்காமல் இப்பத்திரிகையிலேயே வெளியிடத் தயாராயிருக்கிறோம்.