மொழி ஒன்று, தட்டு இரண்டு



பரீட்சை முடிந்த கையோடு நம் லயங்களிலிருந்து பிள்ளைகள் கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். வெள்ளவத்தையில் புடவைக்கடை, கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக்கடை, மாடி வீடுகளில் சமையல். "தமிழ் ஆட்கள்தானே, பயமில்லை" என்று சொல்லித்தான் நாமும் அனுப்புகிறோம்.

அங்கே நம் பிள்ளைக்கு வேறு தட்டு, வேறு கோப்பை. படுக்க குசினி மூலை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; "தோட்டக்காட்டுப் பிள்ளை" என்கிறார்கள். சிங்களத்தில் ஏசினால் இனவாதம் என்கிறோம். தமிழில் ஏசினால் அதற்கு என்ன பெயர்?

இது பழைய நோய். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. அப்போது ஜீ. ஜீ. பொன்னம்பலம் மந்திரிசபையில் இருந்தார். அதை எதிர்த்து அவர் கட்சியை விட்டு வெளியேறிய செல்வநாயகத்தையும் நாம் மறக்கவில்லை.

இன்றும் கொழும்பு மண்டபங்களில் தமிழர் உரிமை பேசப்படுகிறது. அங்கே தேநீர் கொண்டுவந்து வைப்பது நம் பிள்ளை. கொழுந்து பறித்ததும் நாம்தான். மேடையில் மட்டும் நமக்கு இடமில்லை.

2009இல் மலையகச் சிறுமிகள் இருவர் கொழும்புக் கால்வாயில் பிணமாக மிதந்தார்கள். 2021இல் வீட்டு வேலைக்குப் போன இன்னொரு சிறுமி தீக்காயங்களுடன் இறந்தாள். அப்போதுதான் எல்லோரும் பேசினார்கள். நம் பிள்ளையின் குரல் கேட்க அவள் சாக வேண்டுமா?

நம்மையும் கேட்டுக்கொள்வோம். தரகரிடம் முற்பணம் வாங்கியது யார்? நாட்சம்பளத்துக்காகக் கொடி பிடிக்கும் நாம், கொழும்புக்குப் போன பிள்ளையைத் தொழிலாளியாக எண்ணினோமா?

ஆகவே சங்கம் சொல்கிறது:

பள்ளிக்கூட வயதுப் பிள்ளையை எந்த வீட்டுக்கும் வேலைக்கு அனுப்பாதீர்கள். சிறுவர் துன்புறுத்தப்பட்டால் 1929க்கு அழையுங்கள்.

கடையில் நிற்கும் பிள்ளைகள் நியமனக் கடிதமும் ஊழியர் சேமலாப நிதியும் கேட்க வேண்டும். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலிருந்தே இருக்கிறது. முதலாளி தருவது தர்மம் அல்ல.

வீட்டுப் பணியாளருக்கு அந்தச் சேமலாப நிதி இல்லை. அதை வென்றெடுப்பது நம் போராட்டம்.

ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் சங்கம் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெயர், வேலையிடம், தொலைபேசி இலக்கத்தை எழுதி வைக்கட்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் ஊருக்கு வரும்போது கூட்டம் போடுங்கள். நாம் பேசியது போதும். அந்தக் கூட்டத்தில் அவர்கள் பேசட்டும்.